ஒற்றைக் கோட்டுக்காரர்கள்

தங்கைக்குக் காய்ச்சல் வந்து அன்றோடு ஐந்து நாள்.

"ஒண்ணும் இல்லக்கா. மலேரியாக் கார்டு போட்டுப் பாத்துட்டேன். ஒத்தக் கோடுதான்" என்று அவள் தொலைபேசியில் சொன்னபோது குரலில் பரீட்சையில் தேறிவிட்டவளின் பெருமை மாதிரி ஒன்று தெரிந்தது. அது பெருமை இல்லை, குத்தல் என்று புரிந்துகொள்ள அக்காவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எத்தன தடவ போட்ட?"

"மூணு. மூணும் ஒத்தக் கோடு. அதனால எனக்கு மலேரியா இல்ல. பாரசிட்டமால் போட்டுக்கங்க, நிறையத் தண்ணி குடிங்க, மூணு நாள் கழிச்சு வாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சரிங்க சிஸ்டர்னு எந்திரிச்சேன், தலை சுத்திடுச்சு. அப்படியே உக்காந்துட்டேன்."

மலையைக் குடைந்து பாதை போடுகிற வேலை நடக்கும் முகாமில் தங்கைதான் நர்ஸ். தகரக் கூரை போட்ட இரண்டு அறை, ஒரு பெஞ்சு, ஒரு குளிர்பெட்டி. இதுதான் அவளுடைய ஆஸ்பத்திரி. முப்பத்தாறு வயதாகியும் வீட்டில் எல்லோருக்கும் அவள் வாண்டு. அக்கா இருப்பது நகரத்தில், நாலு மணி நேரத் தூரத்தில். மலேரியாக் கிருமிகளின் மரபணுக்களைப் பார்க்கிற ஆய்வுக்கூடத்தில் ஒரு பிரிவுக்குப் பொறுப்பு. முகாம்களுக்கான மலேரியா விதிமுறையும் அவள் எழுதியதுதான். முகாம்களிலிருந்து காகிதத்தில் காய்ந்த ரத்தப் பொட்டுகளாகத்தான் நோயாளிகள் அவளிடம் வருவார்கள். காகிதத்தில் ஓட்டை போடும் கருவியால் அந்தப் பொட்டிலிருந்து ஒரு சின்ன வட்டத்தை வெட்டி எடுத்துக் குழாயில் போடுவாள். இருபது வருடமாக இதைச் செய்வதால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் புள்ளியக்கா என்று பெயர்.

"வாண்டு, சொல்றதக் கேளு. கார்டு கிடக்குது. ஒன்கிட்ட மாத்திரை இருக்கில்ல, எடுத்துப் போட்டுக்கோ."

அந்தப் பக்கம் தகரக் கூரையில் ஏதோ பறவை நடக்கிற ஒலி கேட்டது.

"ரெண்டு கோடு வந்தாத்தான் மாத்திரை. யாரு எழுதினதுக்கா அது?"

"நான்தான் எழுதினேன். இப்ப நானே சொல்றேன்."

"எனக்குச் சொல்ற. நாப்பத்தி மூணு பேருக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? கார்டுல இல்ல, தர முடியாது. அவங்க மூஞ்சியப் பாத்துச் சொன்னேன். இப்ப கதவ சாத்திக்கிட்டு நான் மட்டும் முழுங்கவா?"

"அப்ப கிளம்பி வா. இங்க ரத்தத்த ஸ்லைடுல வெச்சு மைக்ராஸ்கோப்புல பாத்துடலாம்."

"வெளிய பெஞ்சுலயும் தரையிலயும் முப்பது பேரு. நான் வந்துட்டா யாரு பாக்கிறது, ஒன் கார்டா? வெச்சிடுறேன். அப்புறம், ஒன் வீட்டுக்காரருகிட்ட சொல்லித் தொலைக்காத. வண்டிய எடுத்துக்கிட்டு வந்து நிப்பாரு."

தொடர்பு அறுந்தது. காலை எட்டே கால். மேசையில் அன்று வெட்ட வேண்டிய காகிதங்கள் அடுக்காக இருந்தன. அவள் கருவியைக் கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலி உயரமாக இருப்பது போலிருந்தது. இறக்கினால் தாழ்வாக இருந்தது.

நாற்பத்து மூன்று. அந்த எண்ணைத் தங்கை சும்மா சொல்லவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் முகாமிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே நாற்பத்து மூன்று காகிதங்கள், எல்லாமே கார்டு ஒற்றைக் கோடு காட்டிய காய்ச்சல்காரர்களுடையவை. கூடவே தங்கையின் கோழிக்கிறுக்கல்: 'அக்கா, இவங்களுக்கு வேற காய்ச்சல்னு எனக்குத் தோணல. கொஞ்சம் பாரேன்.' விதிமுறை தெளிவாக இருந்தது. இரண்டு கோடு வந்தவர்களின் ரத்தத்தை மட்டுமே காகிதத்தில் எடுத்து அனுப்ப வேண்டும். காகித வரத்து குறைவாக இருந்த ஒரு வருடத்தில் அக்காவே எழுதிய விதி. கிருமி இருக்கிறவர்களிடம்தானே கிருமியைப் படிக்க முடியும் என்பது அன்றைக்கு அவளுடைய வாதம். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். உறைக்கு அவள் அனுப்பிய பதில் ஒரே வரி: 'விதிமுறைக்குப் புறம்பானவை, ஏற்க இயலாது.' தங்கை என்பதால்தான் அவ்வளவு விறைப்பாக எழுதினாளா என்று இப்போது தோன்றியது. வேறு நர்ஸாக இருந்தால் 'அன்புடையீர்' என்றாவது ஆரம்பித்திருப்பாள்.

கார்டு தேடுவது கிருமியை அல்ல. கிருமி ரத்தத்தில் கசியவிடும் ஒரு புரதத்தை. அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவைத் தொலைத்துவிட்ட கிருமிகளும் உண்டு. இது அவளுக்குப் புதிதில்லை. கிருமிக் கூட்டம் ஒரே அச்சில் வார்த்தது அல்ல. ஒரே நோயாளியின் உடம்பில் இரண்டு மூன்று வம்சங்கள் ஒன்றாகக் குடியிருப்பதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அந்தக் கூட்டத்தில் எங்கோ ஒன்று இந்த மரபணு இல்லாமல் பிறந்துவிடும். அது இல்லாமலும் அதற்குக் குறையொன்றும் இல்லை; தின்னும், பெருகும், காய்ச்சலைக் கிளப்பும். கார்டுக்கு முன்னால் மட்டும் அது இல்லாததாகிவிடும். இதில் யாருடைய சூழ்ச்சியும் கிடையாது. வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் 'உள்ளேன்' என்று கத்துகிறவனை மட்டும் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தால், கொஞ்ச நாளில் வகுப்பு முழுக்க வாயைத் திறக்காதவர்கள்தான் இருப்பார்கள். வாயை மூடிக்கொள் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவளுடைய அறிக்கை போன வாரம்தான் அச்சுக்குப் போயிருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு காகிதங்கள் பார்த்தோம், அத்தனையிலும் அந்த மரபணு இருக்கிறது, கார்டை நம்பலாம். எழுதி முடித்த அன்று தனக்குத்தானே ஒரு காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டாள். இப்போது அந்த வரி முகத்தில் அறைந்தாற்போல் எதிரே வந்து நின்றது. முந்நூற்றுப் பன்னிரண்டும் கார்டு இரண்டு கோடு காட்டியவை. மரபணு இருந்ததால்தான் கோடு வந்தது, கோடு வந்ததால்தான் காகிதம் வந்தது. வராதவர்கள் கையைத் தூக்குங்கள் என்று வகுப்பில் கேட்டுவிட்டு, ஒரு கையும் உயரவில்லை, எனவே எல்லோரும் வந்திருக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

அவள் எழுந்தாள். நிராகரிக்கப்பட்ட காகிதங்களைப் போடும் நீலத் தட்டு கிடங்கறையில் இருக்கும். மாதக் கடைசியில் அதை மொத்தமாக எரிக்க அனுப்புவார்கள். மாதம் முடிந்து ஆறு நாள் ஆகிவிட்டது. நடையை எட்டிப் போட்டாள்.

கிடங்கறை வாசலில், மரபணுவைப் பெருக்கும் இயந்திரங்களைக் கவனித்துக்கொள்ளும் மெஷின்காரர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"நீலத் தட்டு போயிடுச்சா?"

"எங்க போகுது? எரிக்கிற ஃபார்ம்ல ஒங்க கையெழுத்து இல்லியே. மூணு தடவ ஒங்க மேசையில வெச்சேன். மூணு தடவையும் குப்புறப் போட்டு, மேல டம்ளர வெச்சிருக்கீங்க. புள்ளியக்காவுக்கு டம்ளருக்கு அடியில வைக்க அட்டை வேணும் போலன்னு விட்டுட்டேன்."

அவளுக்கு அந்த ஃபார்ம் நினைவிருந்தது. மறந்துவிட்டோம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஆனால் மறந்த காகிதத்தை யாரும் மூன்று முறை குப்புறப் போடுவதில்லை. ஏற்க இயலாது என்று எழுதிய அதே கை, எரித்துவிடு என்று எழுத மட்டும் கூசியிருக்கிறது. அப்படியானால் மூன்று வாரமாக அவளுக்குத் தெரிந்திருந்ததா? அதை யோசிக்க இது நேரமில்லை என்று உறையைத் தூக்கினாள். இதற்கு நேரமில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் மூன்று வாரம் போயிற்று என்பதும் கூடவே உறைத்தது.

"இன்னிக்கு மெஷின் எனக்கு வேணும். வேற எதையும் ஏத்தாதீங்க."

"இயக்குநரோட வேலை லைன்ல நிக்குது."

"நிக்கட்டும்."

மெஷின்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போய் மெஷினைத் திறந்தார்.

நாற்பத்து மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. பன்னிரண்டு எடுத்தாள். எதை எடுப்பது என்பதில் கொஞ்ச நேரம் போனது. ஒவ்வொரு காகிதத்தின் ஓரத்திலும் எண்ணும் காய்ச்சல் நாளும் இருந்தன. அதிக நாள் காய்ச்சல் அடித்தவர்களாகப் பொறுக்கினாள். பன்னிரண்டு வட்டங்கள், பன்னிரண்டு குழாய்கள். சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாதென்று மரபணு உள்ள பழைய மாதிரி ஒன்றும், வெறும் தண்ணீர் ஒன்றும் சேர்த்துக்கொண்டாள். கொதிநீரில் குழாய்களை இறக்கிவிட்டுத் தங்கைக்குத் தொலைபேசினாள். எடுக்கவில்லை. குழாய்களைச் சுழலியில் போட்டுவிட்டு மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மெஷினில் ஏற்றி மூடியைச் சாத்தியதும் திரையில் எண் வந்தது: இரண்டு மணி நேரம் பத்து நிமிடம். இது முதல் சுற்று. இன்னொரு சுற்று இருக்கிறது.

அந்த இரண்டு மணி பத்து நிமிடத்தில் அவள் செய்தவை: சன்னலைத் திறந்தாள், மூடினாள். சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தாள். வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள், பத்தொன்பது தூண் என்று முதல் முறையாகத் தெரிந்துகொண்டாள். திரையில் இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம் பாக்கி இருந்தது.

"முறைச்சுப் பாத்தா வேகமா ஓடாதுங்க. நானும் சின்ன வயசுல முயற்சி பண்ணிருக்கேன்" என்றார் மெஷின்காரர்.

சின்ன வயது என்றதும் வாண்டுவின் ஈர முகம் வந்து நின்றது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி என்றால் காய்ச்சலோடு கிளம்பிவிடுவாள். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துத்தான் அனுப்புவாள் என்பது வாண்டுவுக்குத் தெரியும். குழாயடியில் குளிர்ந்த தண்ணீரை நெற்றியில் அடித்துக்கொண்டு, துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத குழந்தையாக முன்னால் வந்து நிற்பாள். அம்மா தொடுவாள், ஜில்லென்று இருக்கும், போய் வா என்பாள். அக்கா மட்டும் வாசலில் வழிமறித்துக் கழுத்துக்குப் பின்னால் கையை வைப்பாள். அடுப்பாகக் கொதிக்கும். "அம்மா, இவளுக்குக் காய்ச்சல்" என்று கத்துவாள். வாண்டு அவளை 'போலீசு' என்று திட்டிக்கொண்டே படுப்பாள். எங்கே தொட வேண்டும் என்பது ஒரு காலத்தில் அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு கார்டு வந்தது. தொடுவதை அதனிடம் விட்டுவிட்டாள். மலிவு, கால் மணி நேரத்தில் பதில், யார் வேண்டுமானாலும் போடலாம். முகாமில் இருந்த மைக்ராஸ்கோப்பைப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றிவிட்டார்கள். போன வருடம் இறக்கிப் பார்த்தபோது லென்ஸில் பூஞ்சை பிடித்திருந்ததாம். அதை எழுதி, வேறொன்று கேட்டதும் வாண்டுதான். பதில் போகவில்லை.

மதியம் ஒரு மணிக்குத் தங்கை எடுத்தாள்.

"என்னக்கா, பதினாலு மிஸ்டு கால். ஊருல யாரும் போயிட்டாங்களோன்னு பயந்துட்டேன்."

"காய்ச்சல் எவ்வளவு?"

"நூத்தி மூணு. கண்ணு மஞ்சளா இருக்குன்னு கேன்டீன் அம்மா சொல்றாங்க. அவங்களுக்கும் ஒத்தக் கோடுதான், மூணு தடவ வந்துட்டாங்க. ஒருத்தரு கண்ண ஒருத்தரு பாத்துச் சொல்லிக்கிறோம்."

"நம்ம ரெண்டு பேரு சண்டைய அப்புறம் போடலாம். மாத்திரையப் போடு."

"சண்டை இல்லக்கா." குரல் தளர்ந்திருந்தது. பேச்சின் நடுவே மூச்சு வாங்கினாள். "எழுத்துல குடு. ஒத்தக் கோடு வந்தாலும் காய்ச்சல் இருந்தா மாத்திரை தரலாம்னு கையெழுத்துப் போட்டு அனுப்பு. எல்லாருக்கும். அந்த வரிசையில நானும் நின்னு வாங்கிக்கிறேன்."

எழுதிவிடலாம் என்றுதான் அப்போதே தோன்றியது. ஆனால் வெறும் சந்தேகத்தை வைத்து விதியை மாற்றினால் நாளைக்கே இயக்குநர் அதை ரத்து செய்வார். முகாமுக்குப் போகும் மாத்திரையும் நின்றுபோகும். கையில் ஒரு சான்று வேண்டும். இரண்டாம் சுற்று இன்னும் முடியவில்லை. இப்படி நினைத்ததற்காகவும் அவளுக்குத் தன் மேல் கோபம் வந்தது. தங்கையின் கண் மஞ்சளாகிறது, அக்கா சான்று தேடுகிறாள்.

பெருக்கிய மரபணுத் துண்டுகள் கோடுகளாகப் பிரிந்திருந்த கூழ்த்தகட்டை நாலேகாலுக்குப் புற ஊதா விளக்கின் மேல் வைத்தார்கள். முகக் கவசத்தைப் போட்டுக்கொண்டு இருவரும் குனிந்தார்கள். மேல் வரிசை, கிருமி இருக்கிறதா இல்லையா என்பதற்கு. பன்னிரண்டில் எட்டில் கோடு ஒளிர்ந்தது. கார்டு 'இல்லை' என்று திருப்பி அனுப்பிய பன்னிரண்டு பேரில் எட்டுப் பேருக்கு மலேரியா. கீழ் வரிசை, கார்டு தேடும் புரதத்தின் மரபணுவுக்கு. பழைய மாதிரியில் கோடு பளிச்சென்று இருந்தது. அந்த எட்டில் ஆறு இடம் இருட்டு.

மெஷின்காரர் மெல்ல மூச்சு விட்டார். "கீழ இன்னொண்ணும் போட்டீங்கல்ல, அதப் பாருங்க."

வம்சத்தை அடையாளம் காட்டும் துண்டு அது. ஒவ்வொரு வம்சத்துக்கும் அதன் நீளம் மாறும்; எப்போதும் அது ஏணிப்படி மாதிரி ஏறியும் இறங்கியும் கிடக்கும். அந்த ஆறு பேரிடமும் ஒரே உயரத்தில், அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி நின்றது. ஒரே வம்சம். முகாம் முழுக்கப் பரவிக்கொண்டிருக்கிறது. மற்றவற்றையெல்லாம் மாத்திரை கொடுத்துத் துடைத்து, இதற்கு இடத்தைக் காலி செய்து கொடுத்தது அவளுடைய விதி.

இயக்குநர் தொலைபேசியில் பொறுமையாகக் கேட்டார். "மறுபடி ஒரு தடவ போட்டுப் பாருங்கம்மா. அறிக்கை அச்சுல இருக்கு, இப்பப் போய்க் குழப்பக் கூடாது. திங்கக்கிழமை உக்காந்து பேசலாம். சொந்தத் தங்கச்சிங்கிறதால பதறுறீங்க, எனக்குப் புரியுது."

"ஆமா சார், பதறத்தான் பதறுறேன். அந்த நாப்பத்தி மூணு பேருல ஒருத்தர் கூட எனக்குச் சொந்தம் இல்ல. அவங்களுக்குப் பதறாம விட்டுட்டேன்."

"விதிய மாத்த எனக்கே அதிகாரம் இருக்கான்னு பாக்கணும்."

"எனக்கு இருக்கு. அடியில என் கையெழுத்து மட்டுந்தான் சார் இருக்கு. போட்ட கையே அத எடுத்துடலாம்."

அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஏற்கெனவே எழுத ஆரம்பித்திருந்தாள். நாலு வரி. காய்ச்சல் உள்ளவர்களுக்கு ஒற்றைக் கோடு வந்தாலும் சிகிச்சை தரவும். அவர்களுடைய ரத்தத்தையும் காகிதத்தில் எடுத்து அனுப்பவும். மைக்ராஸ்கோப் உடனே அனுப்பப்படும். இதுவரையிலான அறிக்கை செல்லாது. கையெழுத்துப் போட்டுப் படம் பிடித்து அனுப்பினாள். ஐந்து மணி ஆக எட்டு நிமிடம் இருந்தது.

தங்கை கூப்பிட்டாள். "வந்துடுச்சு. கிளினிக் சுவத்துல ஒட்டச் சொல்லிட்டேன்."

"முதல்ல நீ முழுங்கு."

"கேன்டீன் அம்மா முன்னாடி நிக்கிறாங்க. அவங்க முதல்ல. நான் அடுத்து." தண்ணீர் ஊற்றும் ஒலி, யாரோ இருமும் ஒலி. பிறகு, "முழுங்கிட்டேன். போலீசுக்குத் திருப்தியா?"

"அரை மணி நேரம் போன வைக்காத. வாந்தி எடுத்தா மறுபடி போடணும்."

"எனக்கே சொல்லித் தர."

மாத்திரை வயிற்றில் தங்குகிறதா என்று பார்க்க அரை மணி நேரம். அவள் சுவர்க் கடிகாரத்துக்கு நேராக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"யாருக்கெல்லாம் இருக்குன்னு சொல்லு, ஆள் விட்டுக் கூட்டிட்டு வரச் சொல்றேன்" என்றாள் தங்கை.

"மூணு. ஒன்பது. பதினொண்ணு. பதினேழு. இருபத்தி ரெண்டு..."

"ஒன்பதா?"

"ஆமா. பதினாலு நாள் காய்ச்சல்னு எழுதிருக்க."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுகிற சத்தம் கேட்டது. வாந்திதான் எடுக்கிறாள் என்று இவள் பாதி எழுந்துவிட்டாள்.

"அவரு வர மாட்டாருக்கா. போன வியாழக்கிழமை போயிட்டாரு. வெடி வைக்கிறவரு. காரணம் தெரியாத காய்ச்சல்னு நான்தான் எழுதினேன். மூணு தடவ வந்தாரு. மூணாவது தடவ, இன்னொரு கார்டுல போட்டுப் பாருங்க சிஸ்டர், இது என் மேல கோவமா இருக்குன்னு சிரிச்சாரு."

கடிகாரத்தில் ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. ஒன்பதாம் எண் காகிதம் மேசை மேல் இருந்தது, நடுவில் அவள் வெட்டிய வட்ட ஓட்டையோடு. உறை வந்த அன்று அவர் உயிரோடு இருந்தார்; அன்றைக்கே பார்த்திருந்தால் இன்றும் இருந்திருப்பார். இந்தக் கணக்கை இனி எத்தனை முறை போட்டாலும் விடை மாறாது.

"நான் பாத்திருக்கணும் வாண்டு. ஒன் உறை வந்தப்பவே பாத்திருக்கணும். நீ அனுப்பினங்கிறதாலேயே பாக்கல."

"தெரியும்."

"திட்டு."

"தெம்பு இல்ல. கடன் வெச்சுக்கிறேன்." மூச்சு வாங்கினாள். "நானும் தானேக்கா. எழுதின நீ அங்க இருக்க. இல்லன்னு சொன்ன வாய் இங்க இருக்கு."

இருவரும் தொலைபேசியைக் காதில் வைத்தபடி இருந்தார்கள். இடையில் தங்கைக்குக் குமட்டியது. "பேசாத, பேசாத" என்று சொல்லிவிட்டு ஆழமாக மூச்சிழுக்கும் சத்தம் கேட்டது. இவள் தன்னையறியாமல் தன் கழுத்துக்குப் பின்னால் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். குமட்டல் அடங்கியது. பதினெட்டு நிமிடம். இருபத்து மூன்று.

"மணி என்னக்கா?"

"இன்னும் ஏழு நிமிஷம்."

"ஒன் ஏழு நிமிஷம் எல்லாம் அப்புறம். பதினேழாம் நம்பர் வந்துட்டாரு, தோள்ல தூக்கிட்டு வந்திருக்காங்க. நீ வைக்காத, நான் மேசையில போடுறேன். கேட்டுக்கிட்டே இரு."

தொலைபேசி எதன் மேலோ பொத்தென்று விழுந்தது. நாற்காலி இழுபட்டது. தங்கையின் குரல் தூரத்தில், தட்டுத் தடுமாறி, ஆனால் பழைய அதட்டலோடு கேட்டது: "கார்டெல்லாம் அப்புறம் போடலாம். வாயைத் திறங்க."

அவள் தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, கடிகாரத்தில் ஒரு கண் வைத்தபடி, உறையில் மிச்சமிருந்த முப்பத்தொன்றில் முதல் காகிதத்தை எடுத்து ஓட்டை போடும் கருவியில் செருகினாள்.